இருண்ட படங்களும் இறந்தவரின் காவலும்

இடிந்த கட்டடம் ஒன்றின் மாடிப்படியில் பச்சைக் குழந்தை அழுகிறது. சுற்றிலும் துப்பாக்கிச் சூடு. பதினெட்டு ஆண்டுகளாக உலகில் எங்கும் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. அந்தச் சத்தத்தையே மறந்துபோன வீரர்கள் சுடுவதை நிறுத்துகிறார்கள். ஒருவர் முழங்காலிடுகிறார், இன்னொருவர் நெஞ்சில் சிலுவை வரைந்துகொள்கிறார். தாயும் பிள்ளையும் அவர்களுக்கு நடுவே நடந்து தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். உடனே எங்கோ ஒரு குண்டு விழுகிறது. எல்லோரும் மறுபடி சுடத் தொடங்குகிறார்கள்.

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி 2006இல் வெளிவந்த ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தின் காட்சி இது. கதை நடப்பது 2027ஆம் ஆண்டு பிரிட்டனில். அகதிகளைக் கூண்டில் அடைக்கிறார்கள். சாக விரும்புகிறவர்களுக்கான மருந்து விளம்பரத்தோடு விற்பனைக்கு வருகிறது. பள்ளிக்கூடங்கள் பாழடைந்து கிடக்கின்றன. இத்தனை இருட்டான படத்தைப் பார்த்து முடித்தவர்களில் பலர், ஏதோ வழிபாட்டிலிருந்து எழுந்து வந்ததுபோல் உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது? நாசமான உலகைக் காட்டும் படத்தில் நம்பிக்கை எங்கே ஒளிந்திருக்கிறது? அதை மத அனுபவம் என்று அழைப்பது சரிதானா?

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி தொலைவானதாகத் தோன்றாது. ஊரைச் சுற்றிச் செம்மணல் தேரி, அதில் பனைகள். கடலோரத்தில் 1320 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளை ஏவ 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட தளம். எதிர்காலத்தைப் பற்றிப் படம் எடுப்பவர் தேடி அலைய வேண்டிய காட்சிகள் எல்லாம் ஒரே நிலத்தில் இருக்கின்றன. இருட்டுக்கும் பஞ்சமில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தனர். 2020 ஜூனில், பக்கத்து ஊரான சாத்தான்குளத்தின் காவல் நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். இருண்ட படம் இங்கே கற்பனையாக மட்டும் வருவதில்லை.

முதலில், இத்தகைய படங்களில் மதம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1927இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில், பூமிக்கு அடியில் வாழும் தொழிலாளர்களை எந்திரம் ஒன்று பலி கேட்கும் தெய்வமாக வாய் திறந்து விழுங்குகிறது. பாதாளக் கல்லறைகளில், சிலுவைகளுக்கு முன் நின்று, மரியா என்னும் பெண் பாபேல் கோபுரத்தின் கதையைச் சொல்லி அவர்களைத் தேற்றுகிறாள். தலைக்கும் கைகளுக்கும் இடையே இதயமாக ஒரு நடுவர் வருவார், பொறுத்திருங்கள் என்கிறாள். அவர் வருகிறார். முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்குவதோடு படம் முடிகிறது. இந்த முடிவை லாங்கே பிற்காலத்தில் ஏற்கவில்லை. சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 முக்கியப் படங்களின் பட்டியலில் ‘மெட்ரோபோலிஸ்’ இடம்பெற்றது, ஆனால் கலை என்ற தலைப்பின் கீழ். சமயம் என்ற தலைப்பின் கீழ் அதை வைக்கவில்லை. சரியான தீர்ப்புதான். சிலுவையும் பாபேலும் இருப்பதாலேயே ஒரு படம் சமயப் படம் ஆகிவிடுவதில்லை.

தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) வேறு வழியில் போகிறது. மனத்தின் ஆழத்து ஆசையை நிறைவேற்றும் அறை ஒன்று தடைசெய்யப்பட்ட நிலத்தின் நடுவே இருக்கிறது. எழுத்தாளர், பேராசிரியர் இருவரையும் வழிகாட்டி ஒருவன் அங்கே அழைத்துப்போகிறான். வாசல்வரை போனவர்கள் உள்ளே நுழையாமல் திரும்புகிறார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை என்று அந்த வழிகாட்டி படுக்கையில் புரண்டு அழுகிறான். அப்போது அவன் மனைவி நேராக நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறாள். இந்த ஆளோடு வாழ்வது துன்பம் என்று தெரிந்தேதான் வந்தேன், வருந்தவில்லை என்கிறாள். அற்புத அறையில் கிடைக்காதது அந்த வீட்டுச் சுவருக்குள் கிடைக்கிறது.

‘சில்ட்ரன் ஆஃப் மென்’ இந்த இரண்டையும் தாண்டி ஒன்றைச் செய்கிறது. அதன் மூலம் பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய நாவல். ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர் ஜேம்ஸ். தலைப்பையே தொண்ணூறாம் சங்கீதத்திலிருந்து எடுத்தார். நாவலின் முடிவில் கதைநாயகன் தியோ, பிறந்த குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைகிறான். பிறப்பது ஆண் குழந்தை, தாய் ஓர் ஆங்கிலேயப் பெண். குவாரோன் எல்லாவற்றையும் மாற்றினார். அவருடைய தாய், கீ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதி. பிறப்பது பெண். தான் கருவுற்றிருப்பதை மாட்டுத்தொழுவத்தில் நின்றுதான் அவள் தியோவுக்குக் காட்டுகிறாள். படத்துக்காக ஜான் டேவனர் தனியே இசையமைத்தார். முடிவில் எழுத்துகள் ஓடி ஓய்ந்ததும் மும்முறை ‘சாந்தி’ வருகிறது. ஆனால் தொழுவத்தையும் சாந்தியையும் மட்டும் பிடித்துக்கொண்டால் படத்தின் உயிர் கைநழுவிவிடும்.

தியோ குடித்துக் கெட்ட ஓர் அலுவலக ஊழியன். மகன் டிலன் கொள்ளைநோயில் இறந்தபின் எதிலும் பிடிப்பற்றுப் போனவன். படம் முழுக்க ஒரு முறைகூட அவன் துப்பாக்கி தூக்குவதில்லை. கடைசியில் வயிற்றில் குண்டு பாய்ந்த நிலையில், பனிமூட்டத்துக்குள் ஒரு சிறு படகைத் துடுப்பு வலித்துக் கொண்டுபோகிறான். குழந்தைக்கு டிலன் என்றே பெயர் வைக்கிறேன் என்று கீ சொல்கிறாள். அது பெண் குழந்தைக்கும் பொருந்தும் பெயர்தான் என்கிறாள். தியோவின் தலை சாய்கிறது. மீட்கும் கப்பல் அதன்பிறகே மூட்டத்திலிருந்து வெளிப்படுகிறது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மூர்ச் சொலவடை. தேரிக்காட்டில் நிற்கும் வயதான பனை ஒவ்வொன்றும், பதநீரைச் சுவைக்க வாய்க்காத யாரோ ஒருவர் போட்ட விதை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் பக்கத்து முஸ்லிம் பெரியவர்களும் அறிந்த நபிமொழி ஒன்று உண்டு: கையில் பேரீச்சங்கன்று இருக்கும்போது இறுதி நேரமே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. உலகம் முடியப்போகிறது என்பதை அது மறுக்கவில்லை. பலன் கிடைக்கும் என்று ஆசைகாட்டவும் இல்லை. நடச் சொல்கிறது, அவ்வளவுதான். தியோவின் துடுப்பு செய்வதும் அந்த வேலையைத்தான்.

உலகம் கெட்டு முடிவதைப் பற்றிய பெருங்கதை ஒன்று இந்தக் கரைக்கே உண்டு. திருச்செந்தூர்க் கடலுக்குள் போன முத்துக்குட்டி, கொல்லம் 1008 மாசி 20 அன்று, அதாவது 1833 மார்ச்சில், வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் குரோணி என்னும் அசுரன் ஆறு துண்டாக வெட்டப்படுகிறான். யுகந்தோறும் ஒரு துண்டு ஒரு கொடியவனாகப் பிறக்கிறது. கடைசித் துண்டு கலியன். அவன் ஆளும் காலம் கலியுகம். பனைக்கும் தலைக்கும் வரி, தோள்சீலைக்குத் தடை, ஊழியவேலை என்று திருவிதாங்கூர் மக்கள் பட்ட பாட்டைக் கவிஞர் அண்ட அளவுக்கு விரித்துச் சொன்னார். கலி அழியும், தருமயுகம் பிறக்கும் என்பதும் அந்நூலிலேயே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, காத்திருக்கும் காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான். எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் கூடி, துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு, ஒன்றாக வாழப் பழகின. துவையல் தவசு என்று அதற்குப் பெயர். சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில் எல்லோரும் குளிக்க ஒரு கிணறு வெட்டினார்கள். கருவறையில் சிலையை வைக்காமல் நிலைக்கண்ணாடியை வைத்தார்கள். தலைப்பாகை கட்டி அதன்முன் நிற்கிறவர் தன் முகத்தையே காண்கிறார். தருமயுகம் எப்போது வரும் என்று நாள் குறிப்பதைவிட, வந்துவிட்டதுபோல் வாழத் தொடங்குவது அங்கே முதன்மை பெற்றது.

அருகிலேயே இன்னும் இரண்டு மரபுகள். மணப்பாட்டு மணல்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை, புயலில் உடைந்த போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தால் ஆனது என்று ஊர் வரலாறு சொல்கிறது. 1542இல் இந்த முத்துக்குளிக்கும் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை அதன் அடியில் இருக்கிறது. உடைந்த பொருளே வணக்கத்துக்குரியதாயிற்று. திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரத்திலோ சூரபத்மன் அழிக்கப்படுவதில்லை, மாமரமாகி, பிளவுண்டு, சேவலாகவும் மயிலாகவும் முருகனிடமே வந்துசேர்கிறான். பகைவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கும் முடிவு அது. சினிமாவில் இதை எட்டிப்பிடித்தவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பின்னணியோடு ‘கல்கி 2898 கிபி’யைப் பார்க்கலாம். நாக் அஷ்வின் இயக்கி 2024 ஜூன் 27 அன்று வெளிவந்த இந்தப் படம், இந்தியாவில் எடுக்கப்பட்ட எதிர்கால நாசக் கதைகளில் மிகப் பெரியது. கங்கை வறண்டுவிட்டது. எஞ்சிய ஒரே நகரம் காசி. அதன் தலைக்குமேல் தொங்கும் ‘காம்ப்ளக்ஸ்’ நிலத்தின் வளத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே பெண்களின் கருவைப் பிழிந்து சாறெடுக்கிறார்கள். தீபிகா படுகோன் நடித்த சுமதியின் வயிற்றில் வளர்வது விஷ்ணுவின் பத்தாம் அவதாரம். குவாரோனின் படத்துக்கும் இதற்கும் கருப்பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மலடாகிப்போன உலகில் ஒரு கர்ப்பிணியைக் காப்பது.

வேறுபாடு எங்கே? கீயின் குழந்தை யார் என்று நமக்குத் தெரியாது. அது ஒரு குழந்தை, அதனாலேயே காக்கப்பட வேண்டியது. சுமதியின் குழந்தை கடவுள் என்று முன்பே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. கடவுளைக் காப்பதற்கு மனிதரின் தயவு வேண்டியிருப்பதாக நம்மால் உணர முடிவதில்லை. நம்பிக்கை எல்லாம் பிறக்கப்போகிறவரின் தலைமேல் ஏற்றப்படுகிறது, சுமதி வெறும் பாத்திரமாகிறாள். ஆனாலும் இந்தப் படத்தில் ஓர் உண்மையான சமயத் தருணம் உண்டு. அது அமிதாப் பச்சன் நடித்த அசுவத்தாமன். பாரதப் போரின் இறுதியில் உத்தரையின் கருவின் மீது அஸ்திரம் ஏவியவன் அவன். சாக முடியாத சாபத்தோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் அலைந்தவன், இப்போது இன்னொரு கருவுக்குக் காவல் நிற்கிறான். தான் அழிக்கத் துணிந்த ஒன்றையே கடைசிவரை சுமப்பவனின் கண்களில் தெரியும் களைப்பு, அத்தனை வரைகலைச் சண்டைகளைவிடவும் கனமானது.

காசியில் தொடங்கும் இன்னொரு படம் பாலாவின் ‘நான் கடவுள்’ (2009). ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலின் உலகிலிருந்து அதன் பிச்சைக்காரர்கள் வந்தார்கள். கண் தெரியாத அம்சவல்லி, தன்னைச் சிதைத்த வாழ்விலிருந்து விடுவிக்கும்படி அகோரி ருத்ரனிடம் கேட்கிறாள். அவளைக் கொன்று அவன் விடுதலை தருகிறான். பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்த படம். தத்துவமாக அந்த முடிவை நியாயப்படுத்தலாம், ஆனால் அது நம்பிக்கையைத் தருவதில்லை. அம்சவல்லி மறுபடி பிறக்காத இடத்துக்குப் போய்விடுகிறாள், அவளை நினைத்திருக்க யாரும் மிச்சமில்லை. அந்தப் படத்தின் வெளிச்சம் ருத்ரனின் சூலத்தில் இல்லை. நிலவறையில் அடைபட்ட பிச்சைக்காரர்கள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரிக்கிறார்களே, அங்கே இருக்கிறது.

மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) இந்த வரிசையில் உயர்ந்து நிற்கிறது. பாடல் கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். ஓரிரு இரவுக் கதை. ‘ஓநாய்’ என்னும் கொலைகாரன் தவறுதலாக ஓர் அப்பாவி இளைஞனைக் கொன்றுவிடுகிறான். இறந்தவனின் பெற்றோர் பார்வையற்றவர்கள். கொன்றவனே அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையாகிவிடுகிறான். துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், குழந்தைக்குக் கதை சொல்வதுபோல் தன் பாவத்தைச் சொல்கிறான். முடிவில் குண்டுபட்டு விழும்போது அந்தக் குடும்பத்துச் சிறுமியைத் தன்னைக் காப்பாற்றிய மருத்துவ மாணவனின் கையில் ஒப்படைக்கிறான். மதத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் இல்லை. பாவசங்கீர்த்தனம், பரிகாரம், பிள்ளையைக் கைமாற்றுவது மூன்றும் இருக்கின்றன.

தியோ, அசுவத்தாமன், ஓநாய் ஆகிய மூவரையும் அருகருகே நிறுத்தினால் ஒரு சரடு தெரிகிறது. மூவருமே ஓர் இறப்பைச் சுமக்கிறவர்கள். தியோவுக்கு இறந்த மகன், மற்ற இருவருக்கும் தங்கள் கையால் விளைந்த கேடு. அந்த இறப்பை மறந்து அவர்கள் எழுவதில்லை, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டே உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையிடம் போகிறார்கள். இருண்ட படத்தின் நம்பிக்கை வரப்போகும் மீட்பரிடமிருந்து வருவதைவிட, இறந்தவரைக் கைவிடாத இந்தச் சுமத்தலிலிருந்து வருவதே அதிகம்.

தென்கரைக்காரருக்கு இது ஆண்டுதோறும் கோயில்கொடைத் திருவிழாவில் நடப்பது. நெல்லை, தூத்துக்குடி, குமரி வட்டாரத் தெய்வங்களில் பலர் ஒருகாலத்தில் மனிதர்கள், அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பிராமணனாகப் பிறந்த பட்டன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டுச் சாகிறான். இன்று பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் மூவருக்கும் வழிபாடு நடக்கிறது. குமரி வட்டாரத்தில் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அதன் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரித்தார். இறப்புக் கதையில் கொலை பாடப்படும் கட்டத்தில்தான் சாமியாட்டம் உச்சத்துக்கு வருகிறது. கதையின் மிக இருண்ட இடமே தெய்வம் இறங்கும் இடம். கொல்லப்பட்டவரை ஊர் பயந்து, அழுது, பின் ஊட்டி, தனக்குக் காவலாக நிறுத்திக்கொள்கிறது.

இந்த மரபிலிருந்து நேராக எழுந்த படம் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021). தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று பெரும் காவல் படை புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் அடித்து நொறுக்கியது. அந்தக் கொடுமையின் நினைவு படத்துக்கு அடியில் ஓடுகிறது. பேருந்து நிற்காத ஊர். வலிப்பு வந்த சிறுமி நடுச்சாலையில் கிடந்து சாகிறாள், வண்டிகள் விலகிப் போகின்றன. படத்தின் தொடக்கமே இந்தச் சாவு. பிறகு அவள் முகமூடி அணிந்த காட்டுப்பேச்சித் தெய்வமாக வந்து ஊர்மீது கண்வைத்து நிற்கிறாள். நாயகன் கர்ணன் ஒவ்வொரு முறை தயங்கும்போதும் அவள் இருக்கிறாள். ‘கல்கி’யும் தன் நாயகனைக் கர்ணன் என்று கடைசியில் வெளிப்படுத்துகிறது. அங்கே அது அடுத்த பாகத்துக்கான அறிவிப்பு. மாரியின் கர்ணனுக்குத் திரௌபதி காதலி, துரியோதனன் ஊர்த்தலைவர், ஒடுக்க வரும் அதிகாரிக்குக் கண்ணபிரான் என்று பெயர். காவியத்தில் தோற்றவர்களின் பெயர்களைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டிக்கொண்ட ஊர் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கொல்லப்பட்டவளைத் தெய்வமாக்கிக் கும்பிட்டால் கொன்றவன் தப்பித்துக்கொள்ள மாட்டானா? கொடைக்குக் கொலைகாரனின் வீட்டாரே வரி கொடுத்து, பயத்தைத் தீர்த்துக்கொண்டு, நிலத்தையும் அதிகாரத்தையும் வைத்துக்கொண்ட கதைகள் நாட்டாரியலில் இல்லாமலில்லை. இருண்ட படத்தில் மத ஆறுதல் தேடுவதும் அப்படிப்பட்ட சமாதானமாகிவிடக்கூடும். பல படங்கள் அப்படித்தான் ஆகின்றன. ‘கர்ணன்’ அந்த ஆபத்தைத் தாண்டுவது, பேச்சி கேட்பது படையலை அல்ல என்பதால். அவள் பேருந்தைக் கேட்கிறாள். கால் கட்டப்பட்ட கழுதையை அவிழ்த்துவிடச் சொல்கிறாள். ஆனால் கர்ணனின் வாள் கண்ணபிரானின் கழுத்தில் இறங்கும் இடத்தில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனுக்குக் கிடைக்கும் இடம் இல்லாமல் போகிறது. படம் அந்தக் கொலையைக் கொண்டாடுகிறதா, சுமக்கிறதா என்பதில் பார்வையாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். சிறையிலிருந்து திரும்பிய கர்ணனை ஆட அழைக்கும் ஊரும், உடனே ஆட முடியாமல் நிற்கும் அவன் உடலும் அதைச் சுமை என்றே காட்டுவதாகக் கொள்ள இடமிருக்கிறது.

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசரா இப்படிச் சுமப்பதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் காளி, குறத்தி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேடம் தரித்து ஊர் ஊராகப் போகிறார்கள். வசதியுள்ளவரும் தெருவில் கையேந்தித்தான் காணிக்கை சேர்க்க வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். ஆயிரக்கணக்கான காளிகள் சூழ நிற்கிறார்கள். அசுரனை வெல்வதற்கு முன் ஒவ்வொருவரும் சில நாள்களாவது வேறொருவராக, பெரும்பாலும் தன்னைவிடத் தாழ்ந்தவராக, வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல இருண்ட படம் இரண்டரை மணி நேரத்தில் பார்வையாளரிடம் கேட்பதும் இதுபோன்ற ஒரு வேடத்தைத்தான்.

இத்தனைக்கும் பிறகு, எந்தத் தெய்வமும் எழாத படம் ஒன்றும் மாரி செல்வராஜிடமிருந்தே வந்தது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான ‘வாழை’. தன் சிறுவயதில் நடந்ததைத்தான் அவர் எடுத்தார். வாழைத்தார் சுமக்கப் போன கூலியாட்கள் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து திரும்பி வருகிறார்கள். லாரி கவிழ்கிறது. ஆட்டம் பழகுவதற்காக அன்று வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போன சிறுவன் சிவனணைந்தான் தப்பிவிடுகிறான், அக்கா இறந்துவிடுகிறாள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் வீட்டுக்கு ஓடிவந்து சோற்றுப் பானையைத் திறக்கிறான். சாவு வீட்டில் சோறு தின்னப் போனதைக் கண்ட தாய் அடிக்கிறாள்.

இந்தப் படத்தில் நம்பிக்கையைத் தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அக்கா பேச்சியாக வரவில்லை, வாள் கிடைக்கவில்லை, ஊர் ஆடவில்லை. இருப்பது ஒப்பாரி மட்டும். ஆனால் ஒப்பாரியும் வழிபாடுதான். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூல் விவிலியத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது. கர்பலாவில் கொல்லப்பட்டவர்களை நினைத்து அழுவது இஸ்லாத்தில் ஒரு பெரிய மரபு. பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடும்போது கடவுளிடம் அவள் எதையும் கேட்பதில்லை, நடந்ததைச் சொல்கிறாள். அன்று லாரியில் ஏறாத சிறுவன் வளர்ந்து, அந்த வயலுக்கும் அந்தச் சாலைக்கும் படக்குழுவோடு திரும்பிப் போய், கூலியைக் கூட்டிக் கேட்ட அந்தக் கூலியாட்களின் நாளை முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். அவர்கள் கேட்டது நியாயம் என்பதும் படத்துக்குள் பதிவாகிவிட்டது.